தீபாவளி மழையோடு வரும் படர்தாமரை

சிப்புட் தம்பி:
மாட்டுக்குப் படர்தாமரை வந்தால் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கொட்டகைக்கு அது தீபாவளி மழையோடு வரும், தைப்பூசம் தாண்டினால் போகும். போன மாட்டுப் பொங்கலன்று சின்னக் கன்றுக்குப் பொட்டு வைக்கக் குனிந்தேன். கண்ணைச் சுற்றி, நெற்றி வரைக்கும் சாம்பல் நிறப் பொருக்கு. நான் நிமிர்வதற்குள் அக்கா மகள் அதைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தோடு கன்னம் தேய்த்துவிட்டாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தபோது அந்தக் கன்னத்தில் சிவப்பு வட்டம். எல்லாப் படத்திலும் விழுந்திருக்கிறது. அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லாபிஸ் அக்கா:
மழையைக் குறை சொல்லாதே தம்பி. எங்களுக்கு நல்ல வெயிலில் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனைக்கு வெளியிலிருந்து கன்று வாங்கிப் பட்டியில் விட்டோம். அது கழுத்தைத் தேய்த்த மரத்தூணிலேயே மற்றதெல்லாம் வரிசையாகப் போய்த் தேய்த்தன. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

குவாந்தான் மாட்டுக்காரர்:
அக்கா சொல்வது பாதிதான் சரி. குளிர் நாடுகளில் இது பனிக்கால நோய். மாடுகளை மாதக்கணக்கில் உள்ளே அடைப்பார்கள், ஒன்றோடொன்று உரசும், வெயில் படாது. வெளியே மேய விட்டதும் குறையும். நமக்குப் பனி ஏது? மழை வந்தால் நாமே அடைக்கிறோம், அவ்வளவுதான். தம்பி பக்கம் மழை அக்டோபர், நவம்பர். எங்கள் கிழக்குக் கரையில் டிசம்பர், ஜனவரி.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிரைக்கோபைட்டான் வெருகோசம் என்ற பூஞ்சை இது. பெரிய மாட்டைவிடக் கன்றைத்தான் அதிகம் பிடிக்கும். பொருக்கைக் கையுறை போட்டுச் சுரண்டி, கீழே சிந்தாமல் எரியுங்கள். அப்புறம் அயோடின் பூசுங்கள். கயிறு, பிரஷ் எதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். காலை வெயிலில் கட்டுங்கள். மரத்தில் ஒட்டிய பூஞ்சை வித்து வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், தூண்களைக் குளோராக்ஸ் என்ற வெளுப்பு மருந்து போட்டுக் கழுவுங்கள். சீமை அகத்தி இலை அரைத்துப் பூசினால் ஆறும் என்பார்கள். பூசாவிட்டாலும் பெரும்பாலும் 2 முதல் 4 மாதத்தில் தானாக ஆறிவிடும், பெயர் மட்டும் இலைக்கு! நார்வேயில் தடுப்பூசி போட்டே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள்.

சிப்புட் தம்பி:
அண்ணே, நான் மருந்தே கேட்கவில்லை. கன்று எப்போதோ ஆறிவிட்டது. என் அக்காதான் ஆறவில்லை.

லாபிஸ் அக்கா:
கழுவுவதாவது! அந்தத் தூணைப் பிடுங்கிப் போட்டு இரும்புக் குழாய் நட்டோம். அடுத்த ஈற்றுக் கன்றுகளை மழை முழுக்க உள்ளேதான் கட்டினோம், ஒன்றுக்கும் வரவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள், குவாந்தான்காரரே?