பாதுக்க மேட்டுக்காணியில் மதில் வெடிப்பு, யோசனை வேண்டும்

கொட்டாஞ்சேனை வாடகை வீட்டை விட்டு, பாதுக்க பக்கம் குன்றைப் படிப்படியாக வெட்டிப் பிரித்த 10 பேர்ச் காணியொன்றில் வீடு கட்டிப் போன வருடம் குடிவந்தோம். பின்னால் 9 அடி உயரக் கருங்கல் மதில், காணி விற்றவர்களே கட்டியது. மே மாத மழைக்குப் பிறகு அதன் நடுவே குறுக்காக ஒரு வெடிப்பு. பென்சிலால் திகதி போட்டு அளக்கிறேன்: அப்போது 3 மில்லிமீற்றர், இப்போது 8. மேல்பகுதி வீட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. தண்ணீர் வடிய மதிலில் ஒரு துளைகூட இல்லை. (வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் மேட்டிலிருந்து தெரிந்த காட்சியை மட்டும்தான்.)

மேசன் பாஸ் வெடிப்பில் இரண்டு தடவை சீமெந்து பூசினார், அடுத்த மழையிலேயே பிளந்தது. மேல் காணிக்காரரிடம் பேசி அவருடைய கூரைத் தண்ணீரை வீதி வடிகானுக்குத் திருப்பினோம். அப்புறம் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. விற்றவர்கள் போன் எடுப்பதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பாதுக்கவுக்கும் அவர்கள் மண்சரிவு எச்சரிக்கை விடுப்பதுண்டு, அதனால் பிள்ளைகளை முன்னறையில்தான் படுக்க வைக்கிறோம்.

ஒக்டோபர் மழைக்கு முன் இந்த மதிலில் துளை போட்டுத் தண்ணீரை வடியவிட்டால் போதுமா, இல்லை இடித்துத்தான் கட்ட வேண்டுமா?