தாலிக்கொடி எடுக்கச் செட்டியார் தெருவுக்குப் போவதா?

சுதா மாமி: செட்டியார் தெருப் பக்கம் எலிகள் செத்துக் கிடக்கின்றனவாம். பிளேக் கிருமி தன் மேலுறையை மாற்றிவிட்டதால் இனி எந்த மருந்தும் கேட்காதென்று ஒரு குரல்பதிவு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தாலிக்கொடி எடுக்கப் போவதா, விடுவதா?

தேவன் சித்தப்பா: 1914இல் கொழும்பில் பிளேக் பரவியதை மறக்க வேண்டாம். வெள்ளவத்தையிலேயே எடுப்போம் என்று நான் அன்றே சொன்னேன்.

சுதா மாமி: நீங்கள் அன்று சொன்னது செய்கூலிக்காக.

வசந்தி அக்கா: பதிவைக் கேட்டேன். மேலுறை என்று பதிவில் பேசுபவர் சொல்வது எஃப்1 என்ற பிறபொருளெதிரியாக்கியை, அதாவது நம் உடலின் நோயெதிர்ப்பு இனங்கண்டு எதிர்க்கும் கிருமியின் பொருளை. எலியிலிருந்து கிருமியைக் கொண்டுவரும் தெள்ளுப்பூச்சியின் உடலில் வெப்பம் குறைவாக இருக்கும்வரை கிருமி அதை உண்டாக்குவதில்லை; மனித உடலின் 37 பாகைக்கு வந்ததும் அதைப் போர்த்திக்கொண்டு வெண்குழியங்களிடம் விழுங்கப்படாமல் தப்புகிறது. அந்த உறையே இல்லாத திரிபுகளும், அதாவது கிருமியின் மாறிய வகைகளும், அரிதாக உண்டு, அவற்றுள் சில விலங்குகளைக் கொல்லும் வீரியத்தை இழக்கவில்லை. எஃப்1ஐ மட்டும் தேடும் விரைவுச் சோதனையில் அவை அகப்படா, எஃப்1ஐ மட்டும் நம்பிய தடுப்பூசியும் அவற்றைத் தடுக்காது. அதனால்தான் புதிய தடுப்பூசிகளில் வி என்ற இன்னொரு பிறபொருளெதிரியாக்கியையும் சேர்க்கிறார்கள். மருந்து கேட்காது என்பதுதான் தவறு. ஸ்ட்ரெப்டோமைசினும் டொக்சிசைக்கிளினும் தாக்குவது கிருமிக்குள்ளே புரதம் உருவாகும் இடத்தை; உறை இருந்தாலென்ன, போனாலென்ன!

கண்ணன்: அப்படியானால் வீரியம் எதில் இருக்கிறது, அக்கா?

வசந்தி அக்கா: ஒரே இடத்தில் இல்லை, தம்பி. வியின் மரபணு ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது, எஃப்1 வேறொன்றில், உடலுக்குள் பரவ உதவும் பிளா நொதி மூன்றாவதில். இரும்பைப் பறித்தெடுக்கும் மரபணுக்களோ கிருமியின் முதன்மை டிஎன்ஏவான நிறமூர்த்தத்திலேயே இருக்கின்றன. அந்தத் துண்டை இழந்து பலவீனமான ஈவி திரிபைத்தான் மடகஸ்காரில் உயிருள்ள தடுப்பூசியாகப் போட்டார்கள். அதே வகையில் பலவீனமான ஒரு திரிபால் 2009இல் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சியாளர் இறந்துபோனார். பரம்பரைக் கோளாறால் அவருடைய உடலில் இரும்பு மிகுந்திருந்ததால், கிருமிக்கு அது தாராளமாகக் கிடைத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

பெரியம்மா: சின்னவனுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோமே, நிறுத்தட்டுமா?

வசந்தி அக்கா: வேண்டாம், பெரியம்மா. அது குறைவை நிரப்ப வைத்தியர் தந்தது.

தேவன் சித்தப்பா: எலிக்கு என்ன முடிவு?

வசந்தி அக்கா: செத்த எலியைத் தொட வேண்டாம், உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு ஆளைத் தேடி வெளியேறும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தால் போதும். முதலில், அந்த எலியைக் கண்ணால் கண்டவர் யார்?

சுதா மாமி: பதிவில் அது இல்லை. நகைக்கடைக்கு அழைத்துக் கேட்கிறேன். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை போவோம்.

தேவன் சித்தப்பா: நான் வெள்ளவத்தைக் கடையிலும் விலை கேட்டு வைக்கிறேன்.