அக்காவுக்கு இரண்டு குறைபாடுகளையும் சேர்த்து சான்றிதழ் வாங்குவது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு வயது 46. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனது. இப்போது காதும் சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரையும் இருக்கிறது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தையல் மெஷினில் உட்காரவே முடியவில்லை.

மருத்துவச் சான்றிதழில் கால் ஊனத்தை மட்டும் 36 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். 40 இல்லாததால் உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் சர்க்கரையும் சிறுநீரக நோயும் இல்லை, அது புரிகிறது. ஆனால் காது இருக்கிறதே! காது டாக்டர் தனியாக 30 சதவீதம் கொடுத்திருக்கிறார். இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாதாம். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கில் 54 வருகிறது. இதை அங்கே யாரும் சொல்லவே இல்லை என்பதுதான் மனசு ஆறவில்லை.

இப்படி இரண்டு குறைபாட்டையும் சேர்த்து வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) தளத்தில் புதிதாக மனு போடணுமா, இல்லை அந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடா? எது சீக்கிரம் முடியும்? மேல்முறையீட்டு மனு எழுதிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். டயாலிசிஸ் இல்லாத நாளில்தான் அவளை அழைத்துப்போக முடியும்.