தங்கைக்கு சீலியாக் நோயா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை வேலைக்காக டெல்லியில் இருக்கிறாள், பெரும்பாலும் சப்பாத்திதான் சாப்பாடு. சில வருடங்களாகவே வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், எடையும் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் அல்சர் என்றார்கள், பிறகு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்), அப்புறம் டென்ஷனைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு போட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை, ஏன் ஏறவில்லை என்று ஒருவர்கூட யோசிக்காததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இது சீலியாக் நோயாக இருக்கலாம், அதில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உட்சுவர் சேதமானால் இரும்பு உடம்பில் சேராது என்று இப்போது பார்க்கும் டாக்டர்தான் சொன்னார்.

இந்த நோய்க்கான டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) என்ற ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனையும் மொத்த ஐஜிஏ அளவும் எழுதிக் கொடுத்திருக்கிறார், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து பயாப்ஸி (சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது). சிக்கல் என்னவென்றால், சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு அவள் ஏற்கனவே கோதுமையை நிறுத்திவிட்டாள், வயிறும் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் கோதுமை சாப்பிடாமல் டெஸ்ட் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாமாம், அதனால் குறைந்தது 6 வாரம் தினமும் திரும்பச் சாப்பிடச் சொல்கிறார். அவள் ரொம்பப் பயப்படுகிறாள்.

இப்படித் திரும்பச் சாப்பிட்டு டெஸ்ட் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? வேலைக்கும் போய்க்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள்? கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் நானும் எடுக்கப்போகிறேன், தொந்தரவே இல்லாமல் எடுத்து யாருக்காவது பாசிட்டிவ் வந்ததா? இன்னொன்று, கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது, அதற்குப் பதிலாக ரசத்துக்கு என்ன போடுகிறீர்கள்? டெல்லியில் நல்ல குடல் டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.