சுவரோரம் கிண்ணக் காளான்: உங்கள் வீட்டில் வந்ததுண்டா?

வண்ணார்பேட்டை (திருநெல்வேலி):
2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அடுக்களைக்குள்ளும் தண்ணீர் நின்றது. சேற்றை வழித்து, ஃபினாயில் ஊற்றிக் கழுவி ஓய்ந்தோம். தை மாதம் பார்த்தால், கேஸ் மேடைக்குக் கீழே சுவரும் தரையும் சேருகிற இடுக்கில் பழுப்பாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. குடையும் இல்லை, குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளும் இல்லை. காம்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத வெறும் கிண்ணம், விளிம்பு நெளிநெளியாக. சின்னவை வெளிறிய வெள்ளை, முற்றியவை பழுப்பு. ஆச்சி பார்த்துவிட்டு, "மரக்காதுல்லா இது" என்றாள். மரக்காது என்ற காளான் கட்டையில் வரும், ரப்பராக வளையும். இது சுண்ணாம்புப் பூச்சில் வந்திருந்தது, வளைத்ததும் பொட்டென்று ஒடிந்தது.

தொட்டதும் மெல்லிய புகை வேறு கிளம்பியது. அது வித்துத்தூள். கிண்ணத்தின் உட்புறம் முழுக்க நுண்ணிய பைகள், பைக்கு எட்டு வித்துகள். லேசாக அசைந்தால் போதும், ஏராளமான பைகள் ஒன்றாக வெடித்துவிடும்.

இந்த அடையாளங்களுக்குப் பொருந்துவது பெசிசா என்ற காளான் பேரினம். வீட்டுக்குள் வருவதில் பேர்போனது பெசிசா டொமிசிலியானா. 1877-இல் குக் என்ற ஆங்கிலேயர் விவரித்தது. ஈரமான சாந்து, மணல், சிமென்ட், தரைவிரிப்பு எதிலும் வரும், 10 செ.மீ. அகலம் வரை போகும். ஆனால் இதே சாயலில் வேறு பெசிசாக்களும் உண்டு. வித்தை நுண்ணோக்கியில் அளந்து பார்க்காமல், போட்டோவை மட்டும் வைத்து இன்ன வகை என்று யார் அடித்துச் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

கல்லிடைக்குறிச்சி:
எங்களுக்குப் புறவாசலில், பூச்சு வேலைக்கு வாங்கி மிச்சமான மணல் மூட்டையில் வந்தது. ஐப்பசி மழை முழுக்க நனைந்த சாக்கு. வெயிலில் கொட்டிப் பரப்பினோம், சுருங்கிப் போயிற்று. அவ்வளவுதான்.

பாளையங்கோட்டை:
இங்கே வெள்ளமே இல்லை, ஆனாலும் குளியலறைக்கு வெளிச்சுவரில் வந்தது. பிய்த்துப் போட்டு பிளீச்சிங் பவுடர் தடவினால், கொஞ்ச நாளில் மறுபடி அதே இடம். சுவரில் ஓதம் காயாமலே இருந்ததால் கொத்தனாரைக் கூப்பிட்டு டைல்ஸை உடைத்தோம். உள்ளே குழாய் இணைப்பில் கசிவு. அதை அடைத்து, சுவர் காய்ந்த பிறகு வரவில்லை. காளான் சுவரைத் தின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். சுவரைக் கெடுத்தது தண்ணீர்தான். பிய்க்கும்போது மட்டும் மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூளை எதற்கு இழுக்க வேண்டும்?

அப்புறம், குழம்பு வைக்கலாமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: வேண்டாம். மழைக்காலத்தில் புற்றுக் காளான் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.