‘டியூட்டி டு கன்சல்ட்’: ‘கருத்துக் கேட்பு’ ஏன் வேண்டாம்?

வணக்கம். கனடாச் சட்டத்தில் ‘டியூட்டி டு கன்சல்ட்’ என்று ஒன்று உண்டு: பூர்வகுடிகளின் உரிமையைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுக்கும் முன் அரசு அவர்களிடம் பேசிக் கேட்டறிய வேண்டிய கடமை. அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் இந்த இழையின் பேச்சு. இங்கே வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘கருத்துக் கேட்புக் கடமை’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் சிக்கல். கருத்துக் கேட்பு என்றதும் நம் மனதில் வருவது, பந்தல் போட்டு மைக் வைத்து கலெக்டர் முன்னிலையில் நடக்கும் கூட்டம். யாரும் வரலாம், பேசலாம். கனடாவில் பூர்வகுடிகளுக்கு அரசு ஆற்ற வேண்டிய கடமை அதுவல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்கா வழியாக 118 கிலோமீட்டர் குளிர்காலச் சாலை போடத் திட்டமிட்டார்கள். அங்கே மிக்கிசூ கிரீ என்ற பூர்வகுடி மக்களுக்கு வேட்டையாடவும் பொறிவைத்துப் பிடிக்கவும் உரிமை உண்டு. 1899-இல் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே ஏற்பட்ட எட்டாம் உடன்படிக்கை தந்த உரிமை. பொதுமக்களுக்காக நடத்திய கூட்டங்களுக்கு அவர்களும் வரலாம் என்றதோடு அதிகாரிகள் நிறுத்திக்கொண்டார்கள். எதிர்ப்பு வந்ததும், அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தின் ஊடே போகவிருந்த பாதையை அதன் எல்லையை ஒட்டி நகர்த்தினார்கள். அந்தப் புதுப்பாதையைப் பற்றியும் அவர்களிடம் பேசவில்லை. பொதுக்கூட்டம் போதாது, உரிமை உள்ளவர்களிடம் அரசே நேராகப் பேசியிருக்க வேண்டும் என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. இந்தக் கடமைக்குக் ‘கருத்துக் கேட்பு’ என்று பெயர் வைத்தால், நீதிமன்றம் போதாது என்று தள்ளியதையே பெயராக வைத்த மாதிரி ஆகிவிடும்.

> அப்போ ‘கலந்தாய்வு’?

அது பொறியியல் கல்லூரியில் இடம் எடுக்கப் போவது என்று நிலைத்துவிட்டது. இனி மீட்க முடியாது.

என் பரிந்துரை ‘முன்னுசாவல் கடமை’. உசாவுதல் என்றால் ஒருவரிடம் போய்க் கேட்டறிதல், அவரோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தல். பார்வை நூல் என்ற பொருளில் வரும் ‘உசாத்துணை’யில் அந்த வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. வினையாகவும் புழங்கும்: ‘உசாவாமல் சாலை போட்டார்கள்’, ‘உசாவிய பின் பாதையை மாற்றினார்கள்’. கலைச்சொல் வாக்கியத்துக்குள் இப்படி வளைந்து கொடுக்காவிட்டால் அகராதியிலேயே கிடந்துவிடும்.

‘முன்’ எதற்கு என்று கேட்கலாம். கனடாவின் 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்கிறது. ஆனால் நிலத்தின் மேல் உள்ள உரிமையை நீதிமன்றத்தில் நிறுவ ஆண்டுக்கணக்காகும். அதற்குள் காட்டை வெட்டி முடித்துவிட்டால்? ஹைடா என்ற பூர்வகுடி மக்கள் மரம் வெட்டும் உரிமத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2004-இல் இதற்குத்தான் விடை கிடைத்தது. உரிமை நிறுவப்படும் முன்பே, உரிமை கோரப்படுவது தெரிந்த உடனேயே, அரசுக்குக் கடமை தொடங்கிவிடுகிறது. கடமை அரசுடையது, கம்பெனியுடையது அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

எப்படி உசாவ வேண்டும் என்பதற்கு கிளைட் ரிவர் வழக்கைப் படியுங்கள். என் மனசை விட்டுப் போகாத வழக்கு. கிளைட் ரிவர், கனடாவின் வடக்கே பாஃபின் தீவில் இருக்கும் சின்ன ஊர், ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்களுடையது. கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க ஐந்தாண்டு நில அதிர்வு ஆய்வு (கடலுக்குள் பலத்த ஒலி எழுப்பிச் செய்வது) நடத்த வந்தவர்களிடம், 2013-இல் நடந்த கூட்டங்களில் ஊர் மக்கள் கேட்டது அடிப்படையான கேள்வி: இந்தச் சத்தத்தில் கடல் விலங்குகள் என்ன ஆகும்? பதில் சொல்ல முடியவில்லை. மாதங்கள் கழித்துப் பதில் வந்தது, 3,926 பக்க ஆவணமாக. அதில் ஊர் மக்களின் இனுக்டிட்டுட் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது ஒரு சிறு பகுதிதான். இணையத்தில் ஏற்றினார்கள், அங்கே அப்போது இணையம் மெதுவாக இருந்தது, விலையும் கூட. இதை உண்மையான உசாவல் என்று சொல்ல முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அனுமதியையே ரத்து செய்தது. திட்ட மதிப்பீட்டைச் செய்யும் வாரியத்தின் நடைமுறை வழியாகவே அரசு இந்தக் கடமையை நிறைவேற்றலாம், ஆனால் அந்த நடைமுறை குறைப்பட்டால் அனுமதி நிற்காது என்பதும் அந்தத் தீர்ப்பில் தெளிவானது. அதே நாளில் தேம்ஸ் சிப்பேவா என்ற பூர்வகுடி மக்களின் எண்ணெய்க் குழாய்வழி வழக்கில், உசாவல் போதுமான அளவு நடந்தது என்று தீர்ப்பு. இரண்டு தீர்ப்புகளையும் இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன், தடுக்கவில்லை.

> ‘இசைவு பெறும் கடமை’ என்று இன்னும் வலுவாக வைக்கலாமே?

இந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஹைடா தீர்ப்பு, உரிமை நிறுவப்படாத நிலையில் பூர்வகுடிகளுக்குத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பூர்வகுடி உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனம் பேசுவதுதான் இசைவு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொன்னவர்கள் ஆவோம். ‘இசைவு’ அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். இந்த இழையில் சிலர் எல்லாரையும் ‘முதற்குடிகள்’ (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) என்று எழுதுகிறீர்கள். இனுயிட் மக்களும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெட்டி மக்களும் அந்தப் பெயருக்குள் வரமாட்டார்கள். 35-ஆம் பிரிவு மூவரையும் தனித்தனியே சொல்கிறது. பொதுப்பெயராகப் ‘பூர்வகுடி’ போதும்.

மிச்சம் இருப்பது, இந்தக் கடமையோடு சேர்ந்து வரும் ‘அக்கொமடேஷன்’ என்ற சொல். உசாவிக் கேட்டதற்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்துவது, பாதையை நகர்த்துவது, பாதிப்பைக் குறைப்பது எல்லாம் அதில் அடங்கும். இப்போதைக்கு ‘இடங்கொடுத்தல்’ என்று எழுதுகிறேன். ஆனால் அதில் அரசு தயவு காட்டுகிற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது தப்பு. ‘விட்டுக்கொடுத்தல்’ என்றால் யார் விட்டுக்கொடுப்பது என்பது குழம்பிப் போகும். தயவின் வாடை இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.