ஓடுபாதை ஜல்லி அடுக்கின் விறைப்பு: இரு கருவிகள், இரு மதிப்புகள்

கேள்வி:
வணக்கம். ஓடுபாதையின் உடைகல் (ஜல்லி) அடித்தள அடுக்கின் விறைப்பை, அதாவது சுமைக்கு அமுங்காமல் நிற்கும் தன்மையை, தார்த்தளம் போடுமுன் 300 மி.மீ. தட்டுள்ள இலகு எடைவீழ்ச்சிக் கருவியால் (தட்டின்மேல் எடையை விழவிட்டு அடுக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்ப்பது) அளந்தேன். தளம் போட்டபின், கூடுதல் எடையை விழவிடும் கனரகக் கருவியால் அளந்து கணக்கிட்ட மதிப்பு வேறாக வருகிறது. எதை ஏற்பது?

மறுமொழி 1:
இரண்டையும் ஏற்கலாம். ஜல்லியின் விறைப்பு மாறாத எண் அன்று. கற்களைச் சுற்றிலும் நெருக்கும் அழுத்தம் கூடக்கூட அதுவும் கூடும். தார்த்தளம் மூடாத திறந்த அடுக்கில் அந்த நெருக்கம் குறைவு. விமானச் சக்கரமோ ஏறத்தாழ 1.5 மெகாபாஸ்கல் அழுத்தத்துடன் தளத்தின்மேல் இறங்குகிறது. ஆகவே வடிவமைப்புக்குக் கனரகக் கருவியின் மதிப்பே நெருக்கமானது என்பது என் கருத்து.

மறுமொழி 2:
தட்டின் அடியில் ஒரு கல் துருத்தி நின்றாலே அளவீடு கெடும். மென்மணலை மெலிதாகத் தூவிச் சமன்செய்து, முதல் மூன்று வீழ்ச்சிகளைத் தட்டு அமர்வதற்கென விட்டுவிட்டு, அடுத்த மூன்றின் சராசரியை எடுங்கள். அடுக்கு மெலிதானால் அடிமண்ணின் தளர்ச்சியும் அளவீட்டில் கலந்துவிடும். ஈரப்பதத்தையும் அன்றே குறித்துவையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மழைக்கு மறுநாள் அளந்ததை இப்போதுதான் கவனித்தேன். காய்ந்தபின் மீண்டும் அளக்கிறேன்.